பாடாமல் தாண்டிய வாசல்

என் ஆசை மாப்பிள்ளை ஆசீர்வாதத்துக்கு,

நீர் இருக்கிற இடத்துக்குத் தபால் உண்டா என்று உபதேசியாரிடம் கேட்டேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதனால் இதை நம் சபைப் பத்திரிகைக்கே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். உமக்கு எழுதுவதை நாலு பேர் ஒட்டுக் கேட்பார்கள்தான். கேட்கட்டும். பலகைச் சுவர் வைத்த நம் லைன் வீடுகளில் எந்தப் பேச்சுதான் அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் இருந்தது?

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதுகிற கடிதம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும். என் பாட்டையே பொறுத்துக்கொண்டவர், இதையா பொறுக்கமாட்டீர்?

நீர் போனது அடைமழையில். இப்போது நாம் கப்பலேறிப் பிழைக்க வந்த இந்தக் கெம்மண்டைனில் மழை விட்டு, காலையில் ஆற்றிலிருந்து பனி புகைமாதிரி ஏறி வருகிறது. நாங்கள் குளிர் குளிர் என்று துண்டைத் தலையில் சுற்றிக்கொள்கிறோம். சீமைக் குளிரைப் பார்த்து வந்த நீர் இருந்தால் சிரிப்பீர். நான் பழையபடி அரிசி மில்லில் டைம் கீப்பர். விடியுமுன் சங்கு ஊதுகிறவன். கெம்மண்டைன் முழுவதையும் படுக்கையிலிருந்து எழுப்பத் தெரிந்த எனக்கு ஒரே ஒரு வீட்டுக் கதவைத் திறக்கத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று எழுதிவிட்டேனே தவிர, இதுவரை நாலு தடவை எழுந்து நடந்தாயிற்று.

உம் வீட்டு முன்கதவைத்தான் சொல்கிறேன். உம்மைக் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று என் தங்கை ரூத் அதைச் சாத்தித் தாழ் போட்டாள். அதன்பின் திறக்கவே இல்லை. குழாயடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாகத் தண்ணீர் எடுக்கிறாள். கோயிலுக்கு வருவதில்லை. பிள்ளையா குட்டியா, ஒரு சத்தம் இருக்க? என் மகள் லில்லி தினமும் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுபோகிறாள். "அத்தை என்னம்மா பேசினா?" என்று கேட்டால், "தூக்கைக் கழுவிக் குடுத்தாங்கப்பா" என்கிறாள்.

நான் போனால் மட்டும் என்ன? "சாப்ட்டியளா அண்ணே?" என்பாள். "சாப்ட்டேன்" என்பேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்போம். மில்லில் மேஸ்திரி முதல் மானேசர் வரை என் வாயை மூடச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். என் கூடப் பிறந்தவள் முன்னால் எனக்கு ஒரு வார்த்தை வருவதில்லை. அவள் இப்படியே இருட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்விடுவாளோ? இந்த நினைப்பு வந்தால் என் கால் ஒரு இடத்தில் நிற்பதில்லை.

பின்வாசல் சங்கதி உமக்குத் தெரியாததா? துரை பங்களாவில் இத்தனை வருஷம் சமைத்து, பின்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்கின ஆள் நீர். அதனாலேயே, "என் வீட்டுக்கு வாரவன் முன்வாசல்லதான் வரணும்" என்று சட்டம் போட்டீர். மீன்காரிகூடக் கூடையோடு முன்வாசலில்தான் ஏறவேண்டும். அந்த வீட்டில் இப்போது வீட்டுக்காரியே பின்வாசல்.

இப்படி இருக்கும்போது கிறிஸ்துமஸ் மாதம் வந்தது.

இதை வாசிக்கிற சிலருக்கு உம் சீமைக் கதை தெரியாது. சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன், நீர் குறுக்கே பேசாதிரும். பெரிய சண்டை முடிந்த பிறகு துரை லீவில் சீமைக்குப் போனபோது உம்மையும் கூட்டிக்கொண்டு போனான். லண்டன் பட்டணத்தைப் பார்த்து வந்து பெருமையடிப்பீர் என்று நாங்கள் காத்திருந்தோம். நீர் வந்து சொன்னதெல்லாம் துரையின் சொந்த ஊரைப் பற்றி. ஒரே தெரு. ஒரு கோயில், ஒரு குளம், ஒரு சாராயக்கடை. கொல்லன், செருப்புத் தைக்கிறவன், ஆடு மேய்க்கிறவன், தபால்காரன். "நம்ம லைன்தான் மச்சான், மேல கொஞ்சம் பனியைக் கொட்டினாப்பில" என்றீர்.

அந்த ஊரில் கிறிஸ்துமஸ் புட்டிங் என்கிற திராட்சைப் பலகார மாவை வீட்டில் உள்ள எல்லோரும் ஒரு சுற்றுக் கிண்டவேண்டுமாம். கிண்டும்போது மனதுக்குள் ஒன்று வேண்டிக்கொள்ளவேண்டும். வெளியே சொன்னால் பலிக்காது. துரையின் தாயார் தாமே கிண்டிவிட்டுத் துடுப்பை உம் கையில் கொடுத்து, நீயும் கிண்டு என்றாளாம். இதைச் சொல்லும்போதெல்லாம் உம் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொள்வீர். துரை இங்கே திரும்பி வந்ததும் மறுபடி பின்வாசல்தான். அது வேறு கதை.

சாயங்காலம் ஊரே விளக்கைப் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாய்ப் பாடிப் போகுமாம். "ஒரு வீட்டையும் தாண்டக் கூடாது மச்சான். அதுதான் முறை" என்றீர். அந்த வருஷமே நம் லைனில் ஆரம்பித்துவிட்டீர். கிறிஸ்தவர் வீடு, அம்மன் படம் மாட்டின வீடு, புத்தர் வைத்த வீடு என்று பார்க்கவில்லை. பாட்டை எடுத்துக் கொடுப்பது நீர், தாங்கிப் பாடுவது ரூத். எனக்கு விளக்கு. பாட வேண்டாம், பிடித்தால் போதும் என்று சொன்னீர். இந்த வருஷம் அந்த இரண்டு குரலும் இல்லை. பாட்டை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மில் சங்கைத் தவிர வேறு எதையும் சுருதியோடு ஊதாதவன் நான்.

முதலில் புட்டிங். செப்புத் தேக்சாப் பாத்திரமும் மரத்துடுப்பும் உம் வீட்டு அடுக்களையில். கேட்டு வாங்க எனக்குத் தைரியம் இல்லை, லில்லியை அனுப்பினேன். ரூத் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். ஆனால் தேக்சா புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று வந்தது. கேட்பதற்கு முன்பே துலக்கி வைத்திருந்தாளா? அதை வைத்துக்கொண்டு என்ன அர்த்தம் எடுப்பது என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். உபதேசியார் ஜெபம் பண்ணிவிட்டு ஒரு சுற்று. பிள்ளைகள் ஒரு சுற்று. மீன்சாறு ஊற்றின மொயிங்கா விற்கிற இந்த நாட்டுக்காரி டோ ம்யா, முந்தானை இல்லாத குறைக்குத் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு சுற்று. "ஒண்ணு எனக்கு. ஒண்ணு மா ரூத்துக்கு" என்றாள் அரைத் தமிழில். அவள் பாஷையில் மரியாதைக்கு "மா". அப்புறம் பக்கத்து வீட்டு முனியாண்டி. கப்பல் துறையில் மூட்டை தூக்குகிறவன், நம் ஊர்வலத்துக்கு மேளக்காரன். துடுப்பைப் பிடித்துக் கண்ணை இறுக்க மூடி, கோயிலில் கும்பிடுவதைப்போல உரக்கச் சொன்னான்: "ஆத்தா, ரூத்தக்கா வாசக்கதவத் தொறக்கணும்!"

எல்லோரும் அவனையே பார்த்தோம்.

"அட பாவி, வெளியே சொன்னாப் பலிக்காதுவே!" என்று உபதேசியார் தலையில் கை வைத்தார்.

"மனசுக்குள்ள சொன்னா அதுக்கு எப்படிண்ணே காது கேக்கும்?" என்றான் முனியாண்டி.

நானும் அதையேதான் வேண்டியிருந்தேன். லில்லியும் அப்படித்தான் என்று அவள் முகம் சொன்னது. நம்பிக்கை இல்லாத விஷயம்தான். ஆனாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒருவன் சொல்லிவிட்டதால் மற்றவர்கள் வேண்டினதும் சேர்ந்து கெட்டுப்போகுமா, தனித்தனிக் கணக்கா? இந்தச் சந்தேகத்தையெல்லாம் யாரிடம் கேட்பது? சீமைக்குப் போய் வந்தவர் நீர் ஒருவர்தான்.

புட்டிங் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர். கேளாமல் இருந்தால் நல்லது. துணியில் கட்டிக் கொதிநீரில் இறக்கினேன். மூட்டை கட்டுகிற மில்லில் இருந்துகொண்டு எனக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியவில்லை. அவிழ்ந்து, தண்ணீர் புகுந்து, மாவும் திராட்சையும் பனைவெல்லமும் தனித்தனியாய் நீந்தின. மறுபடி மாவு கொட்டி, இட்டிலி மாதிரி அவித்து எடுத்தேன். என் மனைவி அதைக் குத்திப் பார்த்து, "இத வச்சு வீட்டுக்கு அஸ்திவாரம் போடலாம்" என்றாள்.

அடுத்தது ஊர்வலம். உம் வீட்டு வாசலில் என்ன செய்வது? உபதேசியார் ஒரே பேச்சாய்ச் சொன்னார்: "துக்க வீடு. வருஷம் திரும்பலை. நட்சத்திரம் கட்டாத வீடு. விளக்கைத் தாழ்த்தி, சத்தம் காட்டாமத் தாண்டணும். அதுதான் மரியாதை."

"ஒரு வீட்டையும் தாண்டக் கூடாதுன்னு மாப்பிள்ளை சொன்னாரே?"

"அது சீமை வழக்கம்வே. இது நம்ம வழக்கம். நம்ம தாய் தகப்பன் அப்படித்தான செஞ்சாங்க?"

அவர் சொன்னதும் நியாயம்தான். என் தகப்பனார் செத்த வருஷம் எங்கள் வாசலை எல்லோரும் அப்படித்தான் தாண்டினார்கள். சரி, அவளையே கேட்டுவிடுவோம் என்று பின்வாசலுக்குப் போனேன். ரூத் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வராதிய அண்ணே. என்னால அதக் கேக்க முடியாது."

முடிந்தது. திரும்பி வந்துவிட்டேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது, மாப்பிள்ளை. பாட வேண்டியதில்லை என்ற நிம்மதியா, அவள் அழுகையைப் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதியா, தெரியவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் கிளம்பினோம். மூங்கில் கழியில் அரிக்கன் விளக்குகள், முனியாண்டி மேளம், உபதேசியார் வேதப் புத்தகம், நான் நடுவில், காய்ச்சல்காரன் மாதிரி. முதல் வீட்டில் நான் எடுத்த சுருதிக்கு ஒரு நாய் பதில் சொன்னது. இரண்டாம் வீட்டில் லில்லி, "அப்பா, நீங்க வாய மட்டும் அசைங்க" என்றாள். டோ ம்யா வாசலில் எல்லோருக்கும் லாபெத் வைத்துத் தந்தாள். அந்தத் தேயிலைத் துவையலின் காரத்தில் என் தொண்டை கொஞ்சம் திறந்தது. அதை நம்பி அடுத்த வீட்டில் உரக்கப் பாடிவிட்டேன். வீட்டுக்காரர் அவசரமாய்ப் பலகாரத் தட்டை நீட்டினார், வாயை அடைக்கத்தான்.

பிறகு உம் வீடு.

முனியாண்டி மேளத் தோல்மேல் உள்ளங்கையை வைத்தான். விளக்குகள் ஒவ்வொன்றாய்த் தாழ்ந்தன. பிள்ளைகள்கூடப் பேசவில்லை. சரளைக்கல்லில் செருப்புகள் உரசுகிற சத்தம் மட்டும். இத்தனை பேர் சேர்ந்து சத்தம் போடாமல் நடந்தால் அது எப்படிக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உம் படியைப் பார்க்காமல் நடந்தேன்.

பாதி வாசலைத் தாண்டியிருப்போம். கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல்:

"ஏ, யாரு அது பாடாமப் போறது?"

எல்லோரும் அப்படியே நின்றோம். உபதேசியார் தொண்டையைச் செருமினார். "ரூத்தம்மா, துக்க வீடுன்னு..."

"துக்கம் எனக்கு. பாட்டுக்கு என்ன கேடு?" குரல் கிட்டத்தில் வந்தது. "எங்கண்ணன் இருக்காகளா அங்க?"

"இருக்கேம்மா."

"நீங்களுமா தாண்டிப் போறீய?"

"நீதானம்மா வராதியன்னு..."

"சொன்னேன். சொன்னாப் போயிருவியளோ?"

கேட்டீரா, மாப்பிள்ளை? முப்பது பேர் முன்னால் பலகைக் கதவிடம் திட்டு வாங்கி நின்றேன். முனியாண்டி என் விலாவில் இடித்தான். "பாடுண்ணே. தொறக்கிறாகளோ அடிக்கிறாகளோ, பாடு."

நீர் எப்போதும் உம் வாசலில் பாடுகிற மேய்ப்பர் பாட்டையே எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே உச்சிக்கு ஏறிவிட்டது. இரண்டாம் அடியில் குரல் கிழிந்தது. மூன்றாம் அடிக்கு மூச்சு இல்லை. பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக் குலுங்கினார்கள். நான் நிறுத்திவிட்டேன்.

அந்த இடத்தில் உள்ளேயிருந்து அவள் எடுத்தாள். தாழ்வாய், நீர் எடுக்கிற அதே சுருதியில். முதல் அடியை அவள் தனியாகவே பாடினாள். இரண்டாம் அடியில் லில்லி சேர்ந்தாள். அப்புறம் எல்லோரும். முனியாண்டி விரல் நுனியால் மட்டும் தட்டினான். தாழ் விலகுகிற சத்தம் பாட்டுக்குள்ளேயே கேட்டது. மழையில் ஊறிய கதவு, திறக்க வரவில்லை. உள்ளேயிருந்து அவள் இழுக்க, வெளியேயிருந்து நான் தள்ள, ஒரு பக்கம் மட்டும் திறந்தது.

இளைத்திருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தாள். பாட்டு முடிந்ததும் உபதேசியாரைப் பார்த்துச் சொன்னாள்:

"சீமையில ஒரு வீட்டையும் விடமாட்டாங்கன்னு அவுக உங்ககிட்டச் சொன்னாக. அது பொய் ஐயா. அங்கயும் ஒரு வீட்டை விட்டாங்களாம். செருப்புத் தைக்கிறவன் வீடு. மகன் சண்டையில செத்துப்போனான். பாவம், துக்க வீடுன்னு விளக்கைத் தாழ்த்திட்டுப் போனாங்களாம். அவன் தாய் சன்னல்ல நின்னு, எல்லாரும் போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாளாம். அவுக கடைசியில விளக்கு பிடிச்சுப் போயிருக்காக. வேத்து நாட்டு ஆள், சமையக்காரன், என்ன சொல்ல முடியும்? இங்க திரும்பி வந்து சேந்த அன்னைக்கு எங்கிட்ட அதத்தான் மொதல்ல சொன்னாக. பனியைச் சொல்லல, கப்பலைச் சொல்லல. அந்தம்மாளைத்தான் சொன்னாக."

டோ ம்யாவுக்கு எவ்வளவு புரிந்ததோ, ரூத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "மா ரூத், மா ரூத்" என்று தட்டிக்கொடுத்தபடி இருந்தாள்.

மாப்பிள்ளை, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? இத்தனை வருஷம் சீமை வழக்கம் என்று விளக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தேனே, அது உம் வழக்கமா? நம் சமையற்காரன் ஒருவன் சொன்னால் கேட்கமாட்டான்கள், சீமையில் செய்கிறார்கள் என்றால் கேட்பான்கள் என்று எங்களைச் சரியாய் எடை போட்டு வைத்திருந்தீரோ? போட்டிருந்தால் தப்பில்லை. நானே அப்படித்தான் கேட்டேன்.

லில்லி அதற்குள் என் புட்டிங்கில் ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டிவிட்டாள். ரூத் ஒரு கடி கடித்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"அண்ணே, யாரு செஞ்சது இது?"

"நான்தாம்மா."

"முடிச்சு சரியாப் போடலியா?"

"போட்டேன். அவுந்துபோச்சு."

"அடுத்த வருஷம் அடுப்புப் பக்கம் வந்திய..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "அடுத்த வீட்டுல காத்துக்கிட்டிருப்பாக. போங்க" என்று கையால் விரட்டினாள். நாங்கள் அடுத்த வாசலுக்குப் போய்ப் பாடி முடிக்கிறவரை அந்த ஒற்றைக் கதவில் சாய்ந்து நின்றாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்து, உபதேசியாரின் காலை இரண்டு தடவை மிதித்துவிட்டேன்.

இதோடு கடிதத்தை முடித்தால் வாசிக்கிறவர்களுக்குத் திருப்தியாய் இருக்கும். ஆனால் உமக்குப் பொய் எழுத முடியுமா? மறுநாள் பண்டிகை ஆராதனைக்கு ரூத் வரவில்லை. திரும்பி வரும்போது பார்க்கிறேன்: கதவு மறுபடியும் சாத்தியிருந்தது. முனியாண்டியின் வேண்டுதல் ஒரு ராத்திரிக்குத்தானா? நான் வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போது, லில்லி தூக்குச் சட்டியோடு என்னைத் தாண்டிப் படி ஏறினாள். முன்படி. கதவைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளினாள்.

திறந்துகொண்டது. சாத்தியிருந்ததே தவிர, தாழ் போடவில்லை.

"அத்தை, நான்தான்!" என்று உள்ளே போய்விட்டாள். உள்ளேயிருந்து, "செருப்பைக் கழட்டுட்டி" என்று ஒரு அதட்டல் கேட்டது. எத்தனை மாதத்துக்கு அப்புறம் கேட்ட அதட்டல்!

அவள் எப்போது கோயிலுக்கு வருவாள்? ஊருக்குக் கப்பல் ஏறிவிடுவேன் என்பாளா, இங்கேயே இருப்பாளா? எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். இன்னும் ராத்திரியில் எழுந்து நடக்கத்தான் செய்கிறேன். ஆனால் இப்போது நடந்து உம் வாசல் வரைக்கும் போய், தள்ளிப் பார்க்காமல் திரும்பி வருகிறேன். தள்ளினால் திறக்கும் என்று தெரிந்திருப்பதே எனக்கு இப்போதைக்குப் போதும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மாப்பிள்ளை. நான் விளக்குப் பிடிக்கிறவரை நம் லைனில் எந்த வாசலையும் யாரும் பாடாமல் தாண்டமாட்டார்கள். துக்க வாசல் வந்தால் அங்கே முதலில் நிற்போம். அடுத்த வருஷம் புட்டிங் பக்கம் நான் போகவும் மாட்டேன். இனிமேல் உம் வீட்டுக்கு முன்வாசலில்தான் ஏறுவேன். மழையில் ஊறிய அந்த இன்னொரு கதவை இழைத்துக் கொடுக்க நல்ல தச்சனாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாட்டு மட்டும் வாக்குக் கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உம் வீட்டுக்காரியின் அண்ணன்,
இன்றைக்கும் சுருதி சேராத உம் மச்சான்,
சாமுவேல்